ஓடைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 24, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் மெர்சி அப்பா மேஜைமேல் ஒரு விளம்பரத் தாளை விரித்து வைத்தார். மாரா சரணாலயத்தில் ஒரு லாட்ஜ். 'மூன்று அத்தி' என்று பெயர். படத்தில் கூடாரத்து வாசலில் ஒரு மர நாற்காலி. அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு சிங்கம் படுத்திருக்கிறது, வீட்டு நாய் மாதிரி. ஏப்ரல் விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களை அங்கே கூட்டிப்போகிறாராம். ஆசிரியர் நலச் சங்கத்துக்கு இவர்தான் தலைவர். நானும் வருகிறேனாம். கேட்கவில்லை, சொன்னார்.

ஏப்ரல் பெருமழைக் காலம் ஆயிற்றே என்றேன். அதனால்தான் வாடகை குறைவு, கூட்டமும் இருக்காது என்றார்.

தலைமையாசிரியர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். துணைத் தலைமையாசிரியர் சிட்டூமாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, அந்த நாற்காலி வரவேண்டும். அதற்கு முன்னால் எல்லோர் வாயிலும் இவர் பெயர் இனிக்கவேண்டும். எனக்குப் புரியாது என்று நினைக்கிறார்.

இந்த நாட்டில் பிறந்து ஐம்பது வயதை நெருங்குகிறேன். சிங்கத்தைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பூங்கோமாவில் கரும்பும் கோழியும்தான். ஆசையாகத்தான் இருக்கிறது. பிற்பாடு மறுக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன் — எனக்கும் ஆசையாக இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

பை கட்டியாகிவிட்டது. சுகாதார நிலையத்தில் ரூத் என் வேலையைப் பார்த்துக்கொள்வாள். மழை விடவில்லை.

ஏப்ரல் 10, புதன்

வந்து சேர்ந்தோம். இடுப்பு கழன்றுவிட்டது.

பள்ளி வேனில் ஒன்பது பேர். நாரோக் தாண்டும்வரை பாட்டும் கேலியும்தான். கணக்கு வாத்தியார் மகோக்கா இருக்கிற இடத்தில் யாரும் தூங்க முடியாது. வழியில் ஆட்டு மந்தை வந்தபோதெல்லாம், "முவாலிமு, அதோ உங்க சிங்கம்" என்று மெர்சி அப்பாவைச் சீண்டினார். மெர்சி அப்பாவை ஊரே முவாலிமு என்றுதான் கூப்பிடும். அத்தனை வாத்தியார் இருக்கிற வேனிலும் முவாலிமு என்றால் அவர்தான். சிரித்துக்கொண்டார். அப்போது சிரிக்கமுடிந்தது.

நாரோக்குக்கு அப்புறம் கரிசல் மண். வேன் மூன்று இடத்தில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மனையியல் டீச்சர் ஜென்ட்ரிக்ஸின் புதுச் செருப்பில் ஒன்றைச் சேறு விழுங்கிவிட்டது. மீதி வழியெல்லாம் மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

லாட்ஜில் படத்திலிருந்த நாற்காலி இருக்கிறது. மற்றது எதுவும் இல்லை. நீச்சல் குளத்தில் பச்சைத் தண்ணீர், தவளைகள். வெந்நீர் வராது, ஈர விறகாம். எங்கள் கூடாரத்தில் தலைமாட்டுப் பக்கம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரம் ஒரே ஒரு நல்ல மேஜை. அதில் ஆறு வெள்ளைக்காரர்கள். எங்களைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மகோக்காவின் முழங்கையில் இடிக்கும். உப்பில்லாத மாக்கரோனி. சோளக்களி, நம்ம உகாலி, உண்டா என்று கேட்டதற்கு நாளைக்குச் சொல்லிவைக்கிறோம் என்றார்கள்.

மெர்சி அப்பா அதிகம் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் சுற்றிப் பார்க்கப் போனோம். பள்ளி வேன் இந்தச் சேற்றில் ஆகாது. லாட்ஜின் வண்டி, மேல்பக்கம் திறந்தது. எங்களுக்குக் கொடுத்த டிரைவர் லெமயான். எங்கள் மகள் மெர்சி வயசுதான் இருப்பான். இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். வெட்கப்பட்டுப் பேசுகிறான். எதைக் கேட்டாலும் முதலில் "இருக்கும்" என்கிறான்.

புல் ஆள் உயரம் வளர்ந்து கிடக்கிறது. என்ன தெரியும்? நனைந்த வரிக்குதிரைகள், பின்பக்கம் மட்டும். ஓர் ஆமை. சிங்கத்தின் தடம் என்று ஒன்றைக் காட்டினான், அரை மணி நேரம் அதன் பின்னாலேயே போனோம், கடைசியில் லாட்ஜ் நாய் வந்து வாலாட்டியது. மகோக்கா அதற்கு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எல்லோரும் சிரித்தோம். லெமயானும் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டு.

மெர்சி அப்பா சிரிக்கவில்லை.

மதியம் ஜன்னல் மேஜைக்காரர்கள் ஒரே குதூகலம். ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்கக் குடும்பமாம், குட்டிகளோடு. அவர்கள் வண்டி நல்ல வண்டி, டிரைவரும் பழைய ஆள். மெர்சி அப்பா மேனேஜர் கித்தின்ஜியிடம் போய், எங்களை ஏன் அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை என்று கேட்டார். புது டிரைவர்கள் ஓடையைக் கடக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது, மழை குறைந்தால் பார்க்கலாம் என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மரியாதை இருந்தது. ஆனால் எங்களோடு பேசும்போதே கண் ஜன்னல் மேஜைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

நாள் முழுக்க மழை. கூடத்தில் அடைந்து கிடந்தோம். சீட்டாட்டம், பிறகு சண்டை. பூங்கோமாவிலேயே இதைவிட அதிக மிருகம் பார்க்கலாம், தலைவர் எங்களைத் தவளை காட்டக் கூட்டிவந்திருக்கிறார் என்று மகோக்கா சொன்னார். எப்போதும்போல வேடிக்கைக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை, அதனால் அது நிஜமாகிவிட்டது. இந்த நாட்களை அம்மா வீட்டில் குழந்தையோடு இருந்திருக்கலாம் என்று ஜென்ட்ரிக்ஸ் சொன்னாள். ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள்.

மெர்சி அப்பா எழுந்துபோய் ஒழுகுகிற கூடாரத்தில் படுத்துக்கொண்டார். சமாதானம் சொல்லப் போனேன். "என்னைப் பாத்து இளிக்கிறாங்க நெலிமா" என்றார், கூடாரத் துணிப்பக்கம் திரும்பியபடி. பாவமாக இருந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும், இன்றே.

நேற்று மதியத்துக்கு மேல் மழை விட்டது. வெயில்கூட எட்டிப்பார்த்தது. கடைசிச் சுற்று என்று கிளம்பினோம். ஓடைக்கரையில் வெள்ளைக்காரர்களின் வண்டி அந்தப் பக்கம் மேட்டில் தெரிந்தது, அசையாமல் நின்றது. அப்படி நின்றால் சிங்கம் என்று அர்த்தம் என்று இந்த மூன்று நாளில் நாங்களே கற்றுக்கொண்டிருந்தோம். அவர்கள் காலையில் தண்ணீர் குறைவாக இருந்தபோது கடந்துபோனவர்கள்.

லெமயான் வண்டியை நிறுத்தினான். ஓடையின் குறுக்கே சிமென்ட் தளம் உண்டு, அது தெரியவில்லை. மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது.

இன்று முடியாது, மேலே மலையில் பெய்திருக்கிறது, இன்னும் வரும் என்றான். தனக்கு இங்கே கடக்க அனுமதியும் இல்லை என்றான். தெளிவாகச் சொன்னான். "இருக்கும்" என்று சொல்லவில்லை.

மெர்சி அப்பா முன் சீட்டில். மெதுவாகத்தான் பேசினார், வகுப்பில் பேசுவது மாதிரி.

"அவங்கன்னா கடப்பீங்க. நாங்கன்னா தண்ணி ஆழமாயிடும். அப்படித்தானே?"

"இல்ல முவாலிமு. வேண்டாம். தண்ணி நல்லால்ல."

"மூணு நாளா எங்களுக்கு நாயைக் காட்டினே. இப்ப திரும்பிப் போனா நேரா மேனேஜர்கிட்டதான் போவேன். நாளையிலேர்ந்து நீ வேற வேலை தேடிக்கலாம்."

பின்னாலிருந்து ஜென்ட்ரிக்ஸ் கைதட்டினாள், போகலாம் போகலாம் என்று. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாட்டிக்கொண்டால் தள்ளிவிடுகிறோம், தள்ளித்தானே வந்தோம் என்றார் மகோக்கா. நான், "விடுங்க, திரும்பிடலாம்" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. விழுகிற மாதிரி நான் சொல்லவும் இல்லை.

லெமயான் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கியரைப் போட்டான்.

பாதிவரை சரியாகத்தான் போனது. அப்புறம் முன் சக்கரம் தளத்தின் ஓரத்தைவிட்டு இறங்கிவிட்டது. இன்ஜின் நின்றது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. யாரோ ஜெபம் செய்தார்கள். லெமயான் மேல் திறப்பு வழியாக ஏறி, கயிற்றைக் கரை மரத்தில் கட்டிவிட்டு வந்து, எங்களை ஒவ்வொருவராக இறக்கினான். பதறவில்லை. ஜென்ட்ரிக்ஸ் கால் இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவள் மட்டும் உள்ளே. அவன் திரும்ப உள்ளே போனான். அவளை மேலே தூக்கிவிட்டு, தான் மறுபக்கமாக இறங்கினான். அப்போது வண்டி நகர்ந்தது. அவன் காலை வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் வைத்து நசுக்கிவிட்டது.

அவன் கத்தவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் —

அந்தப் பக்கத்து வண்டி சத்தம் கேட்டு வந்து கம்பி கட்டி இழுக்கும்வரை, மெர்சி அப்பா மார்பளவு தண்ணீரில் நின்று அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி விடவில்லை. இதையும் எழுதவேண்டும். அவர் கோழை இல்லை.

கரையில் என் இடுப்பில் சுற்றியிருந்த லெசோத் துணியைக் கிழித்து, அந்த வண்டியிலிருந்த மடக்கு நாற்காலியின் கட்டையை வைத்துக் கட்டினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு என்று சொல்ல எதுவும் இல்லை. இத்தனை வருட நர்ஸ் வேலையில் இப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீங்க கேட்டீங்கல்ல. நான் வேண்டாம்னு சொன்னேன்ல."

கேட்டேன் என்றேன்.

"அத மட்டும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.

இது நேற்று. இன்று காலை கித்தின்ஜி எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டார். லெமயானை நாரோக் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தலைவர் என்பதால் மெர்சி அப்பா எழுந்து எல்லோருக்காகவும் பதில் சொன்னார். தண்ணீர் இருந்தது, டிரைவருக்கு நம்பிக்கை இருந்தது, கடந்துவிடலாம் என்று அவர் முடிவுசெய்தார், எங்களுக்கு இந்த இடம் பழக்கமில்லை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை நடுங்கவில்லை.

"டிரைவரா முடிவு செய்தார்?" என்று கித்தின்ஜி மறுபடி கேட்டார். யாரும் தலை நிமிரவில்லை. மகோக்கா முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் மெர்சி அப்பாவின் கை என் முழங்கால்மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

லாட்ஜ் எங்களிடம் மன்னிப்புக் கேட்டது. மதியத்துக்குக் கோழியும் உகாலியும் செய்து, ஜன்னல் மேஜையில் பரிமாறினார்கள். எல்லோரும் சாப்பிட்டோம். நானும்.

ஏப்ரல் 15, திங்கள்

வீடு. வழியில் ஜென்ட்ரிக்ஸ் அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 17, புதன்

வேலைக்குப் போனேன். சிங்கம் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

லாட்ஜுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு என்னை நினைவிருந்தது. அவளாகவே சொன்னாள்: காலை எடுத்துவிட்டார்களாம், முழங்காலுக்குக் கீழே. உத்தரவை மீறிப் பயணிகளை ஆபத்தில் மாட்டியதால் வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. ஊர்க்காரர்கள் அவன் குடித்திருந்தான் என்றுகூடப் பேசுகிறார்களாம்.

குடித்திருந்தானா! தேநீர்கூட எங்களிடம் வாங்கிக் குடிக்கவில்லை அவன்.

மெர்சி அப்பா கொட்டிலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே போய்ச் சொன்னேன். கையிலிருந்த புல் அப்படியே நின்றது. காலா என்று மட்டும் கேட்டார். மறுபடி புல்லைப் போட ஆரம்பித்தார். கித்தின்ஜிக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஸ்டீயரிங்க நானா பிடிச்சேன்?"

"வேலை போயிடும்னு மிரட்டினது நீங்க."

"சொன்னேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். அவன் டிரைவர். முடியாதுன்னா முடியாதுன்னு இறங்கி நின்னிருக்கணும்." பிறகு குரலை இறக்கினார். "இப்ப நான் சொன்னா ஜூன்ல எனக்கு வரவேண்டியது வராது. இருக்கிறதும் போகும். அவன் காலு திரும்பி வருமா, நீயே சொல்லு."

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. அடுப்படிக்கு வந்தபிறகுதான் அது நியாயம் இல்லை என்று பட்டது. எப்போதும் எனக்கு அடுப்படிக்கு வந்தபிறகுதான் புத்தி வருகிறது.

ஏப்ரல் 24, புதன்

ஜென்ட்ரிக்ஸ் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். லெமயானுக்குக் கால் எடுத்ததைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சேர்ந்துபோய்ச் சொல்லலாமா என்றேன்.

"அக்கா, என்னைத் தூக்கிவிட்டுட்டுத்தான் அவன் மாட்டினான். எனக்குத் தெரியாதா? படுத்தா அதான் வருது." குழந்தையின் வாயைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டுக்காரர் மொம்பாசால கிடக்காரு. என் டிரான்ஸ்பருக்கு உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுக்கணும். என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

மன்னிக்க நான் யார்?

ஏப்ரல் 27, சனி

இன்று சொல்லிவிட்டேன். நாரோக்குக்குப் போகிறேன், அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, அங்கே தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டதைச் சொல்லப்போகிறேன் என்று. திருட்டுத்தனமாகப் போக மனம் வரவில்லை.

மெர்சி அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"யாரோ ஒருத்தனுக்காகப் புருஷனை ஊர் நடுவுல நிறுத்தப்போற."

"யாரோ ஒருத்தன் இல்ல. கட்டுப் போட்டது நான். சொல்றேன்னு சொன்னதும் நான்."

"போனா, போனதுதான்" என்றார்.

மெர்சிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, அப்பா பாவம் என்றாள். அதற்கும் பிறகு, பஸ்ஸில் ஜாக்கிரதையாகப் போ என்றாள்.

ஏப்ரல் 29, திங்கள். நாரோக்

மருத்துவமனை வார்டில் கடைசிக் கட்டில். அவன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழங்கள் வாங்கிப் போயிருந்தேன். எனக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்தது? கையைப் பிடித்துக்கொள்வான், அம்மா வந்துட்டீங்களா என்பான் என்றா?

என்னைப் பார்த்தான். போர்வையை இழுத்துக் காலை — கால் இருந்த இடத்தை — மூடிக்கொண்டான்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றான்.

வீட்டில் இருந்தேன். அதைத்தான் சொன்னேன்.

"மேனேஜர் வந்து சொன்னாரு. ஒம்பது பேர்ல ஒருத்தர்கூட நான் வேண்டாம்னு சொன்னதா சொல்லலையாம். நீங்களும் இருந்தீங்களான்னு கேட்டேன். இருந்தாங்கன்னாரு." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கே சந்தேகமாப் போச்சு, சொன்னேனா இல்லையான்னு."

அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை சுமக்கவேண்டும்.

பழத்தை அவன் அக்காதான் வாங்கி வைத்தாள். அவளே என்னோடு அலுவலகத்துக்கும் வந்தாள். மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் அதிகாரி. எல்லாவற்றையும் சொன்னேன், ஓடைக்கரையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும், நான் வாய் மூடியதும்கூட. எழுதிக்கொண்டே வந்தவள், வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டியது யார் என்று கேட்டாள். சிட்டூமா என்றேன். அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றாள்.

"வீட்டுக்காரர்."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன், எழுத்து எழுத்தாக.

மே 1, புதன்

வீடு பூட்டியிருக்கவில்லை. மெர்சி அப்பா படுக்கையை வெளி அறைக்கு மாற்றியிருந்தார்.

மே 6, திங்கள்

பேச்சில்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறார். தட்டைத் தானே கழுவி வைக்கிறார். இத்தனை வருடத்தில் கழுவியதில்லை. அலுவலகத்திலிருந்து லாட்ஜுக்கும் பள்ளிக்கும் விசாரித்துப் போன் வந்துவிட்டதாம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒன்றைச் சொல்ல, ஒருத்தி வேறு சொல்கிறாள். அவளும் கணவனோடு சண்டைக்காரி. பள்ளியில் அப்படித்தான் பேசுகிறார்களாம்.

சர்ச்சில் என் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கிறது.

மே 12, ஞாயிறு

அவர் அண்ணன் வந்தார், குடும்பத்தின் சார்பில் பேச. கோழி அடித்தேன். இரைப்பைத் துண்டை வழக்கப்படி பெரியவர் தட்டில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. போன் செய்து, குழப்பத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல், தீர்ந்தது என்றார். நான் குழம்பவில்லையே என்றேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம் — இவள் பொய் சொல்கிறாள் என்றாவது. அதையும் சொல்லவில்லை.

மே 18, சனி

மகோக்கா போன் செய்தார்.

நான்தான் மகோக்கா என்றார், குரலைத் தெரியாதவளிடம் சொல்வது மாதிரி. வேடிக்கை எதுவும் பேசவில்லை. அந்த நாரோக் ஆபீஸ் நம்பர் இருக்கிறதா என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"சிஸ்டர், தள்ளிவிடறோம்னு சொன்னது நான்தான்" என்றார். உடனே வைத்துவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

தலைமையாசிரியராக ககமேகாவிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். மெர்சி அப்பாவை இந்த ஆண்டு முடிந்ததும் வடக்கே வறண்ட துர்கானா பக்கம் மாற்றுகிறார்கள், துணைப் பதவியும் இல்லாமல், வெறும் வாத்தியாராக. ஜென்ட்ரிக்ஸின் டிரான்ஸ்பர் நின்றுபோனது. இதையும் என் கணக்கில்தான் எழுதுவாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மாட்டுக்கொட்டிலில் போய் நின்றார். இருட்டுகிறவரை வரவில்லை. அவர் அப்பாவும் வாத்தியார்; தலைமை நாற்காலி கிடைக்காமலே போனவர். எனக்குத் தெரியாதது இல்லை. நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. செய்தது சரி என்றால் வலிக்காது என்று யார் சொன்னது?

ஜூன் 22, சனி

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புக்கு வந்துவிட்டேன். ஒரு அறை, ஒரு அடுப்பு. யாரும் துரத்தவில்லை. நான்தான் வந்தேன். ஒரே கூரைக்கு அடியில் அவர் என் எதிரில் தலைகுனிந்து நடப்பதைப் பார்க்கமுடியவில்லை.

சாமான் ஏற்ற அவரும் கைகொடுத்தார். பானையைப் பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

ஜூன் 30, ஞாயிறு

லெமயானின் அக்கா பேசினாள். மகோக்கா சொன்னதற்குப் பிறகு அலுவலகம் லாட்ஜை மறுபடி அழைத்திருக்கிறது. இன்னும் முடியவில்லை, வக்கீலைக் கொண்டுவருகிறார்களாம். குடித்திருந்தான் என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் மரக்கால் அளவெடுத்திருக்கிறார்கள்.

அவன் பேசுவானா என்று கேட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறான் என்றாள். போனை அவனிடம் நீட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு நாள் பேசட்டும் என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று கூட்டம் அதிகம். மலேரியாக் காய்ச்சல் குழந்தைகள். குனிந்த தலை நிமிராமல் அடுத்தவர் அடுத்தவர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சட்டைக் கையைச் சுருட்டினார். மெர்சி அப்பா. வரிசையில் உட்கார்ந்து, முறை வந்து, வந்திருக்கிறார்.

"சிஸ்டர், தலை சுத்துது. ப்ரஷர் பாக்கணும்."

மற்ற நோயாளிகள் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். பட்டையைச் சுற்றினேன். கை மெலிந்திருக்கிறது. அதிகமாகத்தான் காட்டியது. உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை எழுதினேன். சாப்பாட்டுக்கு யார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பையன் நடக்கிறானா?"

"மரக்கால் வெச்சிருக்காங்க. பிடிச்சுக்கிட்டு நடந்து பழகறானாம்."

தலையை ஆட்டினார். பொத்தான் போட்டாகிவிட்டது, ஆனாலும் விரல் அங்கேயே இருந்தது.

"வேண்டாம்னுதான் சொன்னான்" என்றார்.

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அவர் எழுந்து அந்தத் தாய்க்கு வழிவிட்டு, மாத்திரை கொடுக்கிற ஜன்னல் பக்கம் போனார். அங்கேயும் வரிசை. கடைசியில் போய் நின்றுகொண்டார்.